நீல நாடாவும் என் நாக்கும்

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வாட்டில் அட்டெண்டன் வேலை என்றால் கூட்டுவது, கழுவுவது, அழுக்குத் துணி அலசுவது, அழுகிற பிள்ளையைத் தூக்குவது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எனக்கு அங்கே கிடைத்த ஏச்சில் பாதிக்கு மேல் கையால் செய்த வேலைக்கு இல்லை, வாயால் செய்த வேலைக்கு.

இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. எதையாவது முன்பின்னாக மாற்றிச் சொல்லிவிடுவேனோ, சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதிவிடுவேனோ என்று. "நீ பிழையாகச் சொல்லிவிட்டாய்" என்று இரண்டு பக்கமும் கேட்டுப் பழகியவள் நான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டு, கினிகத்தேனையில் ஒரு சிங்களக் கடைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கப் போனேன். அங்கே கற்றதுதான் என் சிங்களம். அதனால்தான் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்கு இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டொக்டர்மாருக்கும் மிஸ்ஸிமார் என்கிற நர்ஸ்மாருக்கும் தமிழ் தெரியாது. தாய்மாருக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் வாளியும் விளக்குமாறுமாக நான்.

நான் நிரந்தரம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுபதுகளில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த சனத்தில் நானும் ஒருத்தி. அது வரும்வரை தற்காலிகம் என்று மேட்ரன் இரக்கப்பட்டு வைத்திருந்தார். என் பேரில் ஒரு முறைப்பாடு போனால் மறுநாள் பழையபடி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். கடைக்காரர் வீட்டிலிருந்து திரும்பிக் கொழுந்து எடுக்கப் போய், மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு கெட்டுப் போனதால்தான் நான் மலையை விட்டதே. ஆகவே இந்த வேலையை எப்படியாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சு மாற்றிக் கொடுத்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எத்தனை தடவை போனது

வயிற்றோட்டத்தோடு வந்த ஒரு பிள்ளை. எங்கள் வாட்டு டொக்டர் வயதானவர், கெட்டவர் இல்லை, ஆனால் பொறுமை கிடையாது. "நேற்று எத்தனை தடவை போனது என்று கேள்" என்றார். தாய்க்குத் தெரியவில்லை. விடிந்ததும் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் நாள் கூலிக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடியவள், பொழுது சாய்ந்து கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகுதான் திரும்பித் தூக்கியிருக்கிறாள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற ஆயம்மா ஒருத்தி, தொட்டில்கள் வரிசையாக. அவளுக்கு எந்தப் பிள்ளை எத்தனை தடவை போனது என்று நினைவிருக்குமா?

"தெரியாது என்கிறாள்" என்றேன். டொக்டர் பேனாவை மூடினார். "பெற்றவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? நீ ஒழுங்காகக் கேட்கவில்லை." திரும்பக் கேட்டேன். திரும்ப அதே பதில். பிள்ளையைக் கவனிக்காத தாய் என்று அவளை ஏசினார், அதையும் அப்படியே சொல் என்றார். சொன்னேன். ஏச்சு அவருடையது, குரல் என்னுடையது. அவள் என்னைத்தான் முறைத்தாள். "அவருக்கு எடுத்துச் சொல்லுங்க. நான் வீட்டுல குந்திக்கிட்டு எண்ணிப் பாத்திருந்தா எனக்கு அன்னிக்குப் பேரு விழாது. பேரு விழலைன்னா, மறுநா வெளிய போறதுக்குப் புள்ள வயித்துல ஒண்ணும் இருக்காது."

காலை அமுக்கியவர்கள்

பிறகு அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்த காலம். தோட்டங்களிலிருந்து வீங்கிய பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முகம் ஊதி, கால் ஊதி, பார்த்தால் கொழுத்த பிள்ளை மாதிரி இருக்கும். தூக்கினால் கனமே இருக்காது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பாக்கியம் என்றொரு பெண் தன் மகள் செல்வியைக் கொண்டுவந்தாள். செல்விக்கு நடக்கிற வயது, ஆனால் நிற்கவே முடியவில்லை. பால் குடி மறக்காத பிள்ளை என்பதால் தாயும் தங்கலாம் என்றார்கள். கட்டிலுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்தாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, படிக்கிற டொக்டர்மாரை ஒரு வேனில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் செல்வியின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கூட்டி வந்தவர் அவள் காலைக் கட்டை விரலால் அமுக்கிக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. பிறகு ஒவ்வொருவராக அமுக்கினார்கள். முதலில் செல்வி வீரிட்டாள். பிறகு முனகினாள். கடைசியில் வந்தவர்களுக்கு அவள் சத்தமே கொடுக்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கால் முழுக்கப் பள்ளம். "இது படிப்பு, பொறுத்துக்கொள்ளச் சொல்" என்றார் ஒருவர். நான் சொன்னேன். பாக்கியம் பிள்ளையின் காலை முந்தானையால் மூடினாள். "ஏங்க்கா, ஒருத்தரு அமுக்கிப் பாத்ததை மத்தவங்ககிட்ட வாயால சொல்லிக்க மாட்டாங்களா?"

ஒன்று விட்டு ஒன்று

வேன் போன பிறகும் ஒருவர் மட்டும் திரும்பித் திரும்பி வந்தார். தலைநகரத்திலிருந்து வந்த இளம் டொக்டர். வீக்கப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று சொன்னார்கள். டின் டின்னாக மா கொண்டுவந்தார். அதைக் கொதித்த தண்ணீரில் எண்ணெயும் சீனியும் போட்டுக் கரைத்தால் பால் வாசனையோடு ஒரு கூழ் வரும். வாட்டில் ஒரு கட்டில் விட்டு ஒரு கட்டில் பிள்ளையின் மணிக்கட்டில் நீல நாடா கட்டினார். நாடா உள்ள பிள்ளைக்குக் கூழ். நாடா இல்லாத பிள்ளைக்கு வழக்கமான வாட்டுச் சாப்பாடு, அதாவது கஞ்சியும் பாண் ரொட்டியும். இதைத் தாய்மாருக்கு விளக்கு என்று என்னை நிற்க வைத்தார். செல்வியின் கட்டில் நாடா இல்லாத கட்டில்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. கூழ் உதவுகிறதா என்று தெரிய வேண்டுமானால் குடித்த பிள்ளையையும் குடிக்காத பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார், அதையே சொன்னேன். "ஒதவுதுன்னு தெரிஞ்சா எங்க புள்ளைகளுக்கும் குடுப்பாங்களா?" என்று பாக்கியம் கேட்டாள். நான் அவருக்கு மாற்றிச் சொன்னேன். "அது பிறகு பார்க்கலாம்" என்றார். அவளுக்கு அதையும் சொன்னேன். "பொறகுன்னா எப்ப? புள்ள தேறுன பொறகா, போன பொறகா?"

கயிறும் கத்தரிக்கோலும்

எங்கள் வாட்டுச் சிஸ்டருக்குச் சுத்தம் பெரிது. தோட்டத்துப் பிள்ளை ஒன்று வந்தால் முதல் வேலை, கையிலும் இடுப்பிலும் கட்டியிருக்கிற மந்திரித்த கயிறுகளைக் கத்தரிக்கோலால் வெட்டுவது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாம் குப்பைத் தொட்டிக்கு. தாய்மார் அழுவார்கள், கும்பிடுவார்கள். "கிருமி என்று சொல்" என்பார் சிஸ்டர். நானும் கிருமி என்பேன். வெட்டிய மணிக்கட்டில் கயிற்றின் தடம் ஆறும் முன்னாலேயே ஆராய்ச்சி டொக்டரின் நாடா அதே இடத்தில் ஏறும். அது வாரக்கணக்கில் கூழும் மூத்திரமும் பட்டு ஊறிக் கிடந்தது. அதை யாரும் கிருமி என்று சொல்லவில்லை.

ஒரு நாள் புதிதாக வந்த ஒரு தாய் கோயிலில் கட்டிய கயிறு என்று மல்லுக்கு நின்றாள். சிஸ்டர் என்னைத் திட்டினார். நான் அவளுக்கு அழுத்திச் சொல்லவில்லையாம். கடைசியில் பாக்கியம்தான் அந்தத் தாயின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "விடு தங்கச்சி, வெட்டட்டும். நம்ம கயித்துல அழுக்கு இருக்குதாம். அவங்க கயித்துலதான் பாலு இருக்கு."

கடைசிக் கட்டில்

கடைசிக் கட்டிலில் ஒரு பையன். நாடா இல்லாதவன். தாய் இல்லை, தகப்பன் வேலைக்குப் போகாமல் வராந்தாவில் கிடந்தான். பக்கத்துக் கட்டில் பிள்ளை நாடா கட்டிய பிள்ளை; அது வீக்கம் வடிந்து, எழுந்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. இவனுக்குக் கஞ்சி தங்கவில்லை. கூழ் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் டொக்டர் இல்லை. ஆனால் கூழ்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் கட்டிலைக் கடந்து போனவள் நான். அவன் தலை அந்தப் பாத்திரம் போகிற பக்கமெல்லாம் திரும்பும். 

அவன் செத்த அன்று ஆராய்ச்சி டொக்டர் வாட்டில்தான் இருந்தார். கடைசியாக எதைச் சாப்பிட்டான், எவ்வளவு சாப்பிட்டான் என்று தகப்பனிடம் கேட்கச் சொன்னார். என் வாயால் அதைக் கேட்க வைத்தார். அந்த மனிதன் பிள்ளையைச் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டே பதில் சொன்னான். டொக்டர் எழுதி முடிக்கும்வரை அசையாமல் நின்றான். பிறகு என்னிடம் கேட்டான். "எழுதிக்கிட்டாராக்கா? அப்பச் சரி. நான் தூக்கிக்கிட்டுப் போகலாமா?"

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு

தோட்டத்தில் வேலை இல்லாத நாள் ஞாயிறு. அன்றுதான் லயத்து வீடுகளில் இருக்கிற சனம் பிள்ளைகளைப் பார்க்க வரும். அந்த ஞாயிறு பாக்கியத்தின் தங்கச்சி ஹட்டன் டவுனில் இறங்கி ஏதோ வாங்கிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை காலை நான் கூட்ட வந்தபோது செல்வியின் கையில் நீல நாடா. அதற்கடுத்த கட்டிலிலும் நீல நாடா. வாட்டில் நாடா இல்லாத பிள்ளையே இல்லை. கூழ் ஊற்றுகிற மிஸ்ஸி மாற்றலாகி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நாடாவைப் பார்த்தாள், ஊற்றினாள். நானும் பார்த்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. செல்வி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். வீக்கம் வடிந்து எலும்பு தெரிந்தது; எலும்பின் மேல் மெதுவாகச் சதை வந்தது. ஒரு நாள் என் விரலைக் கடித்தாள், நல்லாகவே வலித்தது.

ஆராய்ச்சி டொக்டர் அடுத்த முறை வந்தபோது டின்களில் முக்கால்வாசி கணக்குக்கு முன்னாலேயே காலியாகிக் கிடந்தன. பிள்ளைகளைப் பார்த்தார், எல்லாரும் தேறியிருந்தார்கள். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். கைகளைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு பிள்ளையின் நாடா நீலம்தான், ஆனால் ஓரத்தில் வெள்ளி ஜரிகை ஓடியது. தீபாவளிக்குச் சடையில் கட்டுகிற ரிப்பன். அவர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் வேலையும் பாழ், இனி எது எதனால் என்று எப்படிச் சொல்வது என்று சிஸ்டரிடம் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பெண்களுக்கு இவ்வளவு யோசனை வராது. நாங்கள் பேசுவதைக் கேட்டு இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஆள் இந்த வாட்டில் நீ ஒருத்திதான்."

என் விசாரணைக்கு நானே

மேட்ரனின் அறையில் விசாரணை. மேட்ரன், சிஸ்டர், ஆராய்ச்சி டொக்டர். நான் சுவரோரம் நின்றேன். முறைப்பாடு எழுதி மேசையில் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கண்டியில் இருக்கிற மேலிடத்துக்கு அனுப்பினால் என் கதை முடிந்தது. பிரஜாவுரிமை இல்லாத தற்காலிகக்காரிக்கு யார் வந்து பேசுவார்கள்? யார் நாடா கட்டச் சொன்னது என்று கேட்கப் பாக்கியத்தைக் கூப்பிட்டார்கள். அவள் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது, அவளிடம் கேட்க ஆள் இல்லை. கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற, தமிழ் தெரிந்த ஒருவர் லீவில். இரத்தம் எடுக்கிறவருக்கு "கையை நீட்டு" என்பதற்கு மேல் வராது. கடைசியில் என்னையே கேட்கச் சொன்னார்கள். குற்றவாளியும் நான், அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்கிற வாயும் நான்.

கேட்டேன். "யாரும் சொல்லலையே. கட்டுன புள்ள எந்திரிச்சி ஒக்காந்திச்சி, கட்டாத புள்ள போயிருச்சி. இதுக்கு ஒருத்தரு வந்து சொல்லணுமா?" என்றாள் பாக்கியம். நான் அதைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் சிரித்தார். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நானே கட்டிச் சொல்கிறேனாம். அவளோ, "என்னக்கா சிரிக்கிறாரு, நீங்க சரியாச் சொல்லலையா?" என்று என்னையே கேட்டாள். வாழ்க்கையில் நான் பேசிய சுத்தமான உண்மை அதுதான். இரண்டு பக்கத்திலும் அதை நம்ப ஆள் இல்லை.

பாக்கியம் செல்வியைத் தூக்கி மேட்ரனின் மேசை மேல், முறைப்பாட்டுக்குப் பக்கத்தில், உட்கார வைத்தாள். தன் கண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு பிள்ளையைக் காட்டினாள். செல்வி கையை ஊன்றி, தானாக எழுந்து நின்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். டொக்டர் வெளியே போய், மீதி இருந்த டின்களையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொன்னார். ஏற்றியதும் நான்தான். அந்தப் பக்கம் பால் வாசனை அன்றோடு நின்றது. மறுநாள் செல்விக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மேசையைத் துடைக்கப் போனபோது மேட்ரன் அந்த முறைப்பாட்டுத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "உன்னைப் பற்றி அவள் சொன்னதை நீயே சொன்னால் அது சாட்சி ஆகுமா, பிலோமினா? இது இங்கேயே இருக்கும். இன்னொரு தடவை உன் வாயால் ஏதாவது நடந்தால் அனுப்பிவிடுவேன்."

அடுத்த ஆராய்ச்சி

எத்தனையோ நாள் யோசித்தேன். சரியாகச் சொன்னாலும் ஆபத்து, பிழையாகச் சொன்னாலும் ஆபத்து. சம்பளம் தருவது கூட்டுவதற்கு. ஏச்சு தருவது பேசுவதற்கு. அடுத்ததாக வயிற்றுப் பூச்சி வியாதி ஆராய்ச்சிக்கு ஒரு கூட்டம் வந்தது. பிள்ளைகளிடம் இரத்தம் எடுக்க வேண்டுமாம். "பிலோமினா, தாய்மாரைக் கூப்பிட்டு விளக்கு" என்றார் சிஸ்டர். "எனக்குச் சிங்களம் தெரியாது" என்றேன். பதற்றத்தில் அதைச் சிங்களத்திலேயே சொல்லிவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் முறை தமிழில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வாட்டில் என் வாயிலிருந்து சிங்களம் வரவேயில்லை. திட்டினார்கள், கெஞ்சினார்கள்; "என்ன சொல்றீங்கன்னு வெளங்கலீங்களே" என்று நின்றேன். தெரியாததற்கு யாராலும் முறைப்பாடு எழுத முடியவில்லை. அட்டெண்டனுக்கு இரண்டு பாஷை தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லையாம்.

தாய்மார் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாளியைப் பார்த்தேன். அது எனக்கு லேசாக இருக்கவில்லை. ஆனால் யாருக்கும் ஒன்றும் விளங்காததால் அன்று ஊசி ஏறவில்லை. அடுத்த முறை அவர்கள் தமிழ் பேசுகிற ஒரு டொக்டரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாய்மாரின் கேள்விக்கெல்லாம் தானே வாய் நோகப் பதில் சொன்னார். பாதிப் பேர் முடியாது என்றார்கள். அந்த ஏச்சையும் அவரே வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். "கினிகத்தேனைக்காரி மாதிரிப் பேசினவளுக்கு ஒரே நாளில் பாஷை மறந்து போகுமா?"

விளங்காதது போல் அவருக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தேன். பிரஜாவுரிமை வந்த பிறகு, எந்த வம்புக்கும் வாய் திறக்காத நல்ல வேலைக்காரி என்று அதே சிஸ்டர்தான் எழுதிக் கொடுத்து என்னை நிரந்தரமாக்கினார்.